ஆவணமில்லாக் காலத்தின் வரலாறு: தொழில்புரியும் ஆர். என். ஏ. மூலக்கூறுகளின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

வரலாறு எழுத்துச் சான்றுகளோடு தொடங்குகின்றது என்றும், எழுத்துத் தோன்றுமுன் உள்ள காலம் வரலாற்றுக்கு முற்பட்ட காலம் என்றும் பாடநூல்கள் வகுத்துக் கூறுவதுண்டு. ஆயினும் வரலாற்றாசிரியன் கையாளும் சான்றுகள் யாவும் எழுத்தாக அமைந்தவை அல்ல. திருகோணமலைக் கோட்டை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அவ்விடத்திற் கோட்டை எழுப்பினர். அக்கோட்டை பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், அவர்களின் பின் ஆங்கிலேயர் கைக்கும் மாறிப் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. அதன் வாயிலில் இணைக்கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டொன்றின் பகுதியும் இன்றும் காணப்படுகின்றன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளாக்கும் சுவாமிமலையின் அடியில் மேற்கொண்ட கடலடி ஆய்வில் ஆலயத்தின் கற்கள் கடலுள்ளும் கிடத்தல் அறியப்பட்டது.

இங்கு வரலாற்றாசிரியன் மேற்கொள்ளும் அனுமானம் எளியது, ஆயின் உறுதியானது. கோட்டைக்குக் கயற்சின்னம் வேண்டியதில்லை. பீரங்கியைத் தாங்கும் சுவருக்குச் சிற்ப வேலைப்பாடு எவ்விதப் பயனையும் தருவதில்லை. தேவையற்ற ஒன்று ஓரிடத்தில் இருக்குமாயின், அது பிறிதொரு தேவைக்காக முன்னொரு காலத்தில் ஆக்கப்பட்டதாதல் வேண்டும். இன்றைய கட்டடத்துள் நேற்றைய கட்டடத்தை இவ்வாறே நாம் வாசிக்கின்றோம்.

இம்முறையை நானூறு ஆண்டுகளுக்கன்றி, நானூறு கோடி ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கொண்டு செல்ல இயலுமா? இயலும் என்பதே கடந்த அறுபது ஆண்டுகளில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தோர் தரும் விடை. நம் உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் பழையதோர் ஆலயத்தின் கற்கள் உள்ளன என்பது அவர்தம் கருத்து. அக்கற்களே ஆர். என். ஏ. எனப்படும் கருவமில மூலக்கூறுகள். அவை எவ்வாறு தொழிலாற்றும் திறனைப் பெற்றிருக்கலாம் என்பது பற்றிய ஆராய்ச்சியின் வரலாற்றையும், அவ்வரலாற்றில் இலங்கையர் ஒருவருக்குள்ள இடத்தையும், அங்கு கையாளப்படும் சான்றுகளின் வலிமையையும் கலைப்பீட மாணவன் ஒருவனின் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரமும் விதையும்

மரம் முந்தியதா, விதை முந்தியதா என்ற வினா நம்மவர்க்குப் பழக்கமானது. உயிரியலிலும் இவ்வினா பிறிதொரு வடிவில் எழுந்தது. உயிர்க்கலத்தில் இருவகைப் பொருள்கள் தலைமை பெறுகின்றன. டி. என். ஏ. என்பது பரம்பரைச் செய்தியைப் பொதிந்து வைத்திருக்கும் ஏடு. புரதங்கள் கலத்தின் வேலைகளைச் செய்யும் கருவிகள்; இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் நொதியங்களுட் பெரும்பாலானவை புரதங்களே. ஏட்டைப் படியெடுக்கக் கருவி வேண்டும். கருவியை ஆக்க ஏட்டிலுள்ள செய்தி வேண்டும். இரண்டும் ஒருங்கே தற்செயலாகத் தோன்றின என்று கொள்வது அறிவுக்குப் பொருந்துவதாக இல்லை.

இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ஆர். என். ஏ. அதுவும் டி. என். ஏ. போன்று நான்கு எழுத்துகளால் ஆகிய சங்கிலியே. அடெனின், குவானின், சைற்றோசின், யூராசில் என்பன அவ்வெழுத்துகள். ஆயின் டி. என். ஏ. வழக்கமாக இரட்டை இழையாக விறைத்து நிற்க, ஆர். என். ஏ. பெரும்பாலும் ஒற்றை இழையாக இருந்து, தன் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு மடிந்து பல்வேறு வடிவங்களைக் கொள்கின்றது. எழுத்தாக இருப்பதாற் செய்தியைச் சுமக்கும். வடிவம் கொள்வதாற் கருவியாகவும் தொழிற்படக்கூடும். ஒரே பொருள் ஏடாகவும் எழுத்தாணியாகவும் அமைந்தால் மேற்கூறிய சிக்கல் தீர்ந்துவிடும். 1967, 1968ஆம் ஆண்டுகளிற் காள் வூஸ், பிரான்சிஸ் கிறிக், லெஸ்லி ஓர்கெல் ஆகிய மூவரும் இக்கருத்தை வெவ்வேறாக எடுத்துரைத்தனர். அன்று அது கருத்தேயன்றி அதற்கு நேரடிச் சான்று இருக்கவில்லை.

மீள நிகழ்த்திக் காணல்

சான்று தேடும் வழிகளுள் ஒன்று, பழைய நிகழ்ச்சியை ஆய்வுகூடத்தில் மீள நிகழ்த்திக் காண்பதாகும். 1924இல் இரசிய அறிஞர் ஒப்பாரினும், 1929இல் ஆங்கிலேய அறிஞர் ஹோல்டேனும் உயிரற்ற பொருள்களிலிருந்து உயிர்ப்பொருள்கள் படிப்படியாகத் தோன்றின என்ற கொள்கையை முன்வைத்தனர். 1953இல் ஸ்ரான்லி மில்லர், மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றின் கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். புரதத்தின் செங்கற்கள் இவ்வாறு கிடைத்தன. கருவமிலத்தின் செங்கற்களைத் தேடிய முன்னோடிகளுள் ஒருவரே காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும (1923 - 1994).

பொன்னம்பெருமவின் கல்விப் பாதை நமக்குச் சிந்தனைக்குரியது. அவர் முதலிற் பெற்ற பட்டம் விஞ்ஞானப் பட்டமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் மெய்யியலிற் கலைமாணிப் பட்டம் பெற்ற பின்னரே இலண்டன் சென்று, பேக்பெக் கல்லூரியில் இரசாயனவியல் பயின்று 1959இற் பட்டம் பெற்றார். உயிரின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஜே. டி. பேர்ணலின் தொடர்பு அங்கு அவருக்குக் கிட்டியது. பின்னர்க் கலிபோர்ணியாவில் மெல்வின் கல்வினின் கீழ் ஆய்வு செய்து 1962இற் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்திற் சேர்ந்தார். மெய்யியலார் காலங்காலமாக எழுப்பிய வினாவைச் சோதனைக் குழாயிடம் கேட்கச் சென்றவர் அவர் எனலாம்.

1963இல் வெளிவந்த இரு ஆய்வுகள் அவருக்குப் புகழ் தந்தன. மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் மீது இலத்திரன் கற்றையைச் செலுத்தியபோது அடெனின் உண்டாதலை அவரும் கல்வின் முதலியோரும் காட்டினர். ஐதரசன் சயனைட்டிலிருந்து அடெனின் உண்டாவதை ஜுவான் ஓரோ 1960இலேயே காட்டியிருந்தார். வேறு வழியாலும் அதே பொருள் கிடைத்தமை அம்முடிபுக்கு வலுச்சேர்த்தது. இரண்டாவது ஆய்விற் பொன்னம்பெருமவும் கால் சேகனும் ரூத் மரினரும் புறஊதாக் கதிரின் உதவியால் ஏ. ரி. பி. என்னும் பொருளை ஆக்கினர். ஆர். என். ஏ.யின் நான்கு எழுத்துகளுள் ஒன்றைக் கொண்ட இப்பொருளே இன்றும் எல்லா உயிர்க்கலங்களிலும் சத்தியைக் கைமாற்றும் நாணயமாக விளங்குகின்றது.

அவ்வாண்டு ஒற்றோபர் மாதம் புளோரிடாவின் வக்கல்லா ஊற்று என்னுமிடத்தில் நிகழ்ந்த ஆய்வுக்கூட்டத்தில் ஒப்பாரினும் ஹோல்டேனும் முதன்முறையாகச் சந்தித்தனர். அதற்குள் இந்தியக் குடிமகனாகிவிட்ட ஹோல்டேன், முதல் உயிர் ஒரேயொரு ஆர். என். ஏ. பரம்பரையலகைக் கொண்டதாக இருந்திருக்கலாம் என்று அங்குக் கருதினார். அக்கூட்டத்தின் கட்டுரைத் தொகுதியிற் பொன்னம்பெருமவின் கட்டுரையும் இடம்பெற்றது. மறு ஆண்டு ஹோல்டேன் புவனேசுவரத்திற் காலமானார்.

1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேச்சிசன் என்னும் ஊரில் விண்கல் வீழ்ந்தது. அதனுட் பூமிக்குரியவை அல்லாத அமினோ அமிலங்கள் உண்டென்பதைப் பொன்னம்பெருமவின் குழுவினர் 1970இல் வெளியிட்டனர். 1983இற் கருவமிலங்களுக்குரிய ஐந்து எழுத்துகளும் அவ்விண்கல்லில் உள்ளன என்று அவர் அறிவித்தார். மறு ஆண்டு இலங்கையின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளர் பொறுப்பையும் ஏற்றார்.

எனினும் மீள நிகழ்த்தும் முறைக்கு ஓர் எல்லையுண்டு. சோதனைக் குழாயில் எதை இடுவது என்பதை ஆய்வாளனே தீர்மானிக்கின்றான். 1963ஆம் ஆண்டு ஏ. ரி. பி. ஆய்விற் பயன்பட்ட பொசுபேற்றுச் சேர்வை ஆதிப் பூமியில் இருந்திருக்குமா என்று பின்வந்தோர் ஐயுற்றனர். எழுத்துகள் தனித்தனியே கிடைத்தாலும், அவற்றை வெல்லத்தோடும் பொசுபேற்றோடும் இணைத்துச் சங்கிலியாக்குவது கடினமாகவே இருந்தது. 2009இல் ஜோன் சதலண்டின் குழுவினர் எழுத்தையும் வெல்லத்தையும் தனித்தனியே ஆக்கிப் பின் இணைக்கும் முறையைக் கைவிட்டு, இரண்டிற்கும் பொதுவான இடைப்பொருள் வழியாக ஆர். என். ஏ.யின் இரு அலகுகளைப் பெற்றனர். பாதை ஒன்று அடைபட்டது என்பது பாதையே இல்லை என்பதாகாது என்பதற்கு இது சான்று.

நீரும் வரட்சியும்

சங்கிலி ஆக்கத்தில் எழும் தடையொன்றைத் திருகோணமலை மாவட்டத்தின் நிலக்காட்சி கொண்டே விளக்கலாம். ஆர். என். ஏ.யின் இரு அலகுகள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். நீர் நிறைந்த கடலில் இது எளிதன்று. ஆங்கு இணைந்தவையும் பிரிந்துவிடும். உயிருக்கு நீர் வேண்டும். உயிரின் முதற் சங்கிலியையோ நீரே அறுக்கின்றது. இம்முரண்பாட்டிற்கு விடையாகக் கூறப்படுவது மாறிமாறி வரும் ஈரமும் வரட்சியுமாகும். உப்பளத்திற் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு செறிந்து படிவதைக் கிழக்குக் கரையோர் நன்கறிவர். அவ்வாறே ஆழமற்ற குட்டைகளில் நீர் வற்றும்போது கரைந்திருந்த பொருள்கள் செறிந்து ஒன்றோடொன்று இணையும். மீண்டும் நீர் வரும்போது புதியவை கலக்கும். நிலத்து வெந்நீரூற்றுகளின் ஓரங்களில் இது நிகழ்ந்திருக்கலாம் என்பது டேவிட் டீமர் முதலியோரின் கருத்து. சிறியதொரு வெப்பக் குட்டையிற் புரதப் பொருள் உருவாகியிருக்கக்கூடும் என்ற எண்ணத்தை டார்வின் 1871இலேயே தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திற் குறித்துள்ளார். களிமண் வகையொன்றின் மேற்பரப்பில் ஆர். என். ஏ. அலகுகள் நீண்ட சங்கிலிகளாக வளர்வதை ஜேம்ஸ் பெரிசின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவற்றைக் கற்கையில் நம் நினைவு கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நோக்கிச் செல்வது இயல்பே. ஆயினும் ஈண்டு எச்சரிக்கை வேண்டும். கன்னியாவில் உயிர் தோன்றிற்று என்று கூற யாதொரு சான்றும் இல்லை; இன்றைய ஊற்றுகள் ஆதிப் பூமியின் ஊற்றுகளும் அல்ல. கன்னியா தருவது உவமையே, சான்றன்று. ஆதிப் பூமியிலிருந்து நமக்குக் கிட்டிய பௌதிகச் சான்றுகள் மிகச் சிலவே. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றோடு சேர்த்துப் பிரித்தெடுக்கப்படும் சேர்க்கோன் என்னும் கனிப்பொருள் அவ்வகைச் சான்றாக அமையத்தக்க இனத்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜக் குன்றுகளிற் கிடைத்த சேர்க்கோன் மணிகளுட் சில 440 கோடி ஆண்டு வரை பழைமையானவை. அப்பழைய காலத்திலேயே பூமியில் நீர் இருந்திருக்க வேண்டும் என்பதை இத்தகைய மணிகள் உணர்த்துகின்றன. ஆயின் மணல்மணி நீரைப் பற்றிச் சொல்லுமேயன்றி, ஆர். என். ஏ.யைப் பற்றிச் சொல்லாது.

எஞ்சிய கற்கள்

சான்று தேடும் இரண்டாவது வழி, தொடக்கத்திற் கூறிய கோட்டை வாயிலின் வழியாகும். 1982இல் தோமஸ் செக்கின் குழுவினர் தெத்திரகைமேனா என்னும் ஒருகல உயிரின் ஆர். என். ஏ. புரதத்தின் துணையின்றித் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் கண்டறிந்தனர். மறு ஆண்டு சிட்னி ஓல்ற்மன் முதலியோர் பற்றீரியாவின் நொதியம் ஒன்றில் ஊக்கியாகத் தொழிற்படுவது அதன் ஆர். என். ஏ. பகுதியே என நிறுவினர். இவ்விருவருக்கும் 1989இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கிடையில், 1986இல் வோல்ற்றர் கில்பேட் இப்பழங்காலத்திற்கு ‘ஆர். என். ஏ. உலகு’ எனப் பெயரிட்டார்.

இவற்றினும் வலிய சான்று றைபோசோமிற் கிடைத்தது. எல்லா உயிர்க்கலங்களிலும் புரதத்தை ஆக்கும் பட்டறை இதுவே. இதன் அமைப்பை 2000ஆம் ஆண்டளவில் அணு நுணுக்கமாகக் கண்டவர்களுள் ஒருவர் 1952இற் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். தோமஸ் ஸ்ரைற்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இராமகிருஷ்ணனின் குழுவினர் றைபோசோமின் சிறிய பகுதியையும், ஸ்ரைற்ஸும் பீற்றர் மூரும் பெரிய பகுதியையும் துலக்கினர். பெரிய பகுதியில் அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்படும் மையத்தை நோக்கியபோது அங்குப் புரதம் காணப்படவில்லை; ஆர். என். ஏ.யே காணப்பட்டது. புரதங்களை ஆக்குவதே ஆர். என். ஏ. என்றால், புரதங்கள் தோன்றுமுன்னரே தொழில்புரியும் ஆர். என். ஏ. இருந்திருக்க வேண்டும் என்பது பெறப்படும். மேலும், நொதியங்களுக்குத் துணைநிற்கும் துணைநொதியங்கள் பல ஆர். என். ஏ. அலகொன்றைத் தம்முடன் சுமந்து திரிகின்றன. அவற்றின் தொழிலுக்கு அப்பகுதி நேரடியாகத் தேவைப்படுவதில்லை. அது கோட்டைச் சுவரிற் கயற்சின்னம் போன்றது, பழைய ஆர். என். ஏ. நொதியங்களின் எச்சம் என 1976இல் ஹரல்ட் வைற் விளக்கினார்.

பிழையும் தெரிவும்

ஆர். என். ஏ. தொழில்புரிந்தது என்பது வேறு. அத்தொழிற்றிறன் எவ்வாறு தோன்றிற்று என்பது வேறு. நூறு எழுத்து நீளமுள்ள ஆர். என். ஏ. சங்கிலிகள் எத்தனை வகையாக அமையலாம் எனக் கணித்தால், 1இன் பின் 60 பூச்சியங்களை இட்டாற் பெறும் தொகையை அது விஞ்சும். இத்தனையுள் பயனுள்ள ஒன்று தற்செயலாகக் கிடைக்குமா?

இவ்வினாவுக்கு விடைகூறும் ஆய்வுகளுள் முன்னோடியானது ஸ்பீகல்மன் குழுவினர் 1967இல் வெளியிட்டதாகும். வைரசு ஒன்றின் ஆர். என். ஏ.யைப் படியெடுக்கும் நொதியத்தோடு குழாயிலிட்டு, விரைவிற் படியாவனவற்றை மட்டும் அடுத்த குழாய்க்கு மாற்றி வந்தனர். 74 முறை மாற்றியபின் எஞ்சிய மூலக்கூறு தன் நீளத்தில் 83 சதவீதத்தை இழந்து, முன்னிலும் விரைவாகப் பெருகிற்று. உயிரற்ற மூலக்கூறும் தெரிவுக்கு உட்பட்டுக் கூர்ப்படையும் என்பது இதனாற் புலனாயிற்று. 1990இல் எலிங்ரனும் ஷொஸ்ரக்கும், தனியாகத் துவேர்க்கும் கோல்டும் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினர். 1993இற் பாற்றலும் ஷொஸ்ரக்கும் எழுமாறாக ஆக்கிய 1இன் பின் 15 பூச்சியங்களை உடைய தொகையினும் மேற்பட்ட சங்கிலிகளைச் சேர்த்து, இரு ஆர். என். ஏ. துண்டுகளை இணைக்கவல்லவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் தெரிந்தெடுத்தனர். ஈற்றிற் கிடைத்தவை அவ்விணைப்பை 70 இலட்சம் மடங்கு விரைவாக்கின. சாத்தியமான சங்கிலிகள் அனைத்தையும் தேடிப்பார்க்க வேண்டியதில்லை. ஒரே தொழிலைப் பல வடிவங்கள் செய்யவல்லன. சிறிதளவு திறனே தொடக்கத்திற்குப் போதும். எஞ்சியதைத் தெரிவு செய்து முடிக்கும் என்பன இதனால் நாம் பெறும் முடிபுகள்.

இங்கும் ஒரு தடையுண்டு. பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் பெயர்த்தெழுதப்பட்டபோது பாடபேதங்கள் புகுந்ததை நாம் அறிவோம். நூல் நீளநீளப் பிழையும் பெருகும். ஆர். என். ஏ.யின் நிலையும் இதுவே. பிழையே நிகழாவிடின் புதுத்திறன் தோன்றாது; பிழை மிகுந்தால் உள்ள திறனும் அழியும். படியெடுக்கும் நுட்பம் எவ்வளவோ அவ்வளவு நீளமுள்ள செய்தியையே காக்க முடியும் என்பதை மன்பிரெட் ஐகன் 1971இற் கணித முறையால் நிறுவினார். ஆதலின் முதல் ஆர். என். ஏ.க்கள் குறுகியனவாயிருந்து, படியெடுப்பிற் செம்மை கூடக்கூட நீண்டிருக்க வேண்டும். தனித்தனித் துண்டுகள் இணைந்து பெரிய வடிவங்கள் ஆகியிருக்கவும் கூடும். 2009இல் லிங்கனும் ஜொய்சும், ஒன்றையொன்று ஆக்கிக்கொள்ளும் இரு ஆர். என். ஏ. நொதியங்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இருமடங்காகப் பெருகுவதைக் காட்டினர். ஆயின் அவற்றுக்கு வேண்டிய துண்டுகளை ஆய்வாளர்களே ஆக்கி வழங்கினர். ஆதிப் பூமியில் அவ்வாறு வழங்குவார் எவருமிலர்.

சான்றின் எல்லை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூவகைச் சான்றுகள் தெளிவாகின்றன. எச்சங்கள், பண்டு தொழில்புரியும் ஆர். என். ஏ. இருந்தது என்பதை உணர்த்துகின்றன. அது எவ்வாறு வந்தது என்பதைச் சொல்வதில்லை. பொன்னம்பெரும வழிவந்த சோதனைகள், அதன் பகுதிகள் இயற்கையில் உண்டாகக்கூடும் என்பதைக் காட்டுகின்றன. அவ்வாறே உண்டாயின என்பதைக் காட்டுவதில்லை. தெரிவுச் சோதனைகள், எழுமாறான சங்கிலிகளிலிருந்து திறன் பிறக்கும் என்பதை நிறுவுகின்றன. முதற் சங்கிலிகளின் பிறப்பை விளக்குவதில்லை. சிறு புரதங்களும் ஆர். என். ஏ.யும் தொடக்கம் முதலே ஒருங்கு வளர்ந்தன என்று கருதுவோரும், பரம்பரைச் செய்திக்கு முன்னரே இரசாயனச் சுழற்சிகள் தோன்றின என்று வாதிடுவோரும் உளர். எனவே ‘ஆர். என். ஏ. உலகு’ என்பது வலிமைமிக்க கருதுகோள், முடிந்த முடிபன்று.

‘நிகழ்ந்திருக்கலாம்’ என்பதற்கும் ‘நிகழ்ந்தது’ என்பதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. யார் முந்தியவர், எது தொன்மையானது என்ற வினாக்கள் நாட்டின் அமைதியையே கலைக்கவல்லனவாக விளங்கும் இத்தீவில், தொன்மை பற்றிப் பேசுவோர் யாவரும் கற்கவேண்டிய ஒழுக்கம் இது. உயிரின் தோற்றத்தை ஆராய்வோர் தம் வாழ்நாள் உழைப்பையும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்குள் அடக்கிக் கூறுகின்றனர். நானூறு கோடி ஆண்டைப் பற்றிப் பேசுவோருக்கு இயலும் அவ்வடக்கம், இரண்டாயிரம் ஆண்டைப் பற்றிப் பேசும் நமக்கும் இயலவேண்டும்.

மெய்யியல் கற்ற ஒருவர் சோதனைக் குழாயைக் கையிலெடுத்ததனால் இலங்கையின் பெயர் இவ்வாராய்ச்சியில் இடம்பெற்றது. நம் பல்கலைக்கழகங்களிலோ கலைப்பீடத்துக்கும் விஞ்ஞானபீடத்துக்கும் இடையே உயர்ந்த சுவரொன்று நிற்கின்றது. சான்றைத் தேடுதல், அதன் வலிமையை அளத்தல், அது சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளாதிருத்தல் ஆகிய மூன்றும் இருபீடத்தார்க்கும் பொதுவான பணிகள். கோட்டை வாயிலின் கயற்சின்னத்தை வாசிக்கக் கற்ற வரலாற்று மாணவன், றைபோசோமின் நடுவிலுள்ள ஆர். என். ஏ.யையும் அதே முறையாற் புரிந்துகொள்ள முடியும். அவ்வாசிப்பில் அவனுக்கு விஞ்ஞான மாணவனின் துணை வேண்டும்; விஞ்ஞான மாணவனுக்கு அவன் துணையும் வேண்டும்.